இரண்டாவதாக நிற்பவர்

டாட்மர்டன்
12 ஜனவரி 1998

அன்புள்ள வில்ஃப்,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் அது மோசமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நோராவின் இருமல் விட்டதா? எனக்கு ஒன்றுமில்லை. பின் சுவரில் ஈரம் இன்னும் ஓரடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நீ தொலைபேசியைச் சாவுச் செய்திக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்கடனுக்கு ஐந்து வருடம் மாறாமலிருந்த வட்டி மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு மாதம் எழுபது பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும். செப்டம்பரில் கல்லூரியில் என் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எழுபது பவுண்டுக்கு என்னிடம் வழியில்லை. கோடைக்குள் வீட்டை விற்க வேண்டியிருக்கும். ஏழு வருடங்களுக்கு முன் கல்யாணம் முறிந்தபோது டெரிக்கின் பங்கைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டு நான் வைத்துக்கொண்ட வீடு. விற்க மனமில்லை.

வேறொரு வீட்டுக்கடன் சங்கம் குறைந்த வட்டிக்கு அடமானத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. தடை ஒன்றுதான். பழைய கடன் அடைந்ததும், இந்த வீட்டின் மேல் இரண்டாவதாகப் பதிவாகியிருக்கும், அன்று நீ எனக்குக் கொடுத்த கடன் தானாக முதலிடத்துக்கு வந்துவிடுமாம். புதிய சங்கம் உனக்குப் பின்னால் நிற்காது. ஆகவே, "நான் இரண்டாவதாகவே இருக்கிறேன்" என்று நீ எழுதித் தர வேண்டும். அங்கிருந்த இளைஞன் கேட்டான்: "ரெண்டாவது கடன் குடுத்தவரு யாரு மேடம்?" என் அண்ணன் என்றேன். "அப்ப ஒரு பிரச்சினையும் இல்லயே" என்றான். அவனுக்கு அண்ணன்கள் கிடையாது போலிருக்கிறது.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு. பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். உறவினராகவோ உன் வீட்டில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. ஆகவே நோரா கூடாது.

இருவரும் குளிரில் பத்திரம்.

ஜூடித்


வூலர்
20 ஜனவரி 1998

அன்புள்ள ஜூடித்,

உன் கடிதம் பதினான்காம் தேதியே வந்தது. முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டியிருந்தாய், இரண்டாம் வகுப்பே போதும். அதுவும் ஒரு நாள்தான் கூட ஆகும். முழங்கால் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் பேசுகிறது.

இங்கே பனி. லீக்ஸ் விதைகளைத் துணி உலர்த்தும் அலமாரிக்குள் தட்டில் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு முளைத்திருக்கின்றன. போன வருடக் காய்கறிக் கண்காட்சியில் எனக்கு மூன்றாவது இடம். முதல் பரிசு வாங்கியவன் லீக்ஸுக்குக் கருப்பு பீர் ஊற்றுகிறான் என்று பேச்சு.

பத்திரத்தைப் பார்த்தேன். நோரா இப்போது வெளியே போயிருக்கிறாள். கவனிக்கிறேன்.

உன் சுவருக்கு வெளிப்பக்கம் மழைநீர்க் குழாயைப் பார். ஈரம் எப்போதும் மேலிருந்துதான் வரும்.

அன்புடன்
வில்ஃப்


டாட்மர்டன்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள வில்ஃப்,

குழாயைப் பார்த்தேன். உடைந்துதான் இருக்கிறது. நீ சொன்னது சரி என்று எழுதும்போது எனக்குச் சிறிய வலி ஏற்படுகிறது. இருபத்திரண்டும் பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரிக் காசோலை முன்பே வந்திருக்கும். பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. சங்கத்தின் ஒப்புதல் மார்ச் 31 வரைதான் செல்லும். அதன் பிறகு மறுபடி விண்ணப்பம், மறுபடி வீட்டு மதிப்பீடு, அதற்குக் கட்டணம். அதற்குள் வட்டியும் ஏறியிருக்கும். வழக்கறிஞர் சக்டன் வாரம் ஒருமுறை கேட்கிறார். "அண்ணன் ஊர்ல இல்லயாம்மா?" என்கிறார். நீ வூலரைவிட்டு எங்கே போகப்போகிறாய் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

சாட்சிக்கு அலைய வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் போதும். முப்பது வருடம் அந்த ஊரின் ஒவ்வொரு கதவுக்கும் தபால் கொண்டுபோனவனுக்கு ஒரு சாட்சி கிடைக்காதா?

நோராவிடம் விசாரித்ததாகச் சொல்.

ஜூடித்


வூலர்
17 பிப்ரவரி 1998

அன்புள்ள ஜூடித்,

நலமாக இருப்பாய். எனக்குச் சளி வந்து போனது. பதினெட்டு பிழைத்திருக்கின்றன.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சாட்சி இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹெட்லியைக் கூப்பிட்டால் எதற்கு, என்ன, யாருக்கு என்று கேட்பான். மறுநாள் இறைச்சிக் கடையில் பேச்சாகிவிடும். உன் ஊரில் யாரையாவது போடச் சொல்லிவிடு. என் கையெழுத்துதான் என்பது உனக்குத் தெரியுமே.

நோரா தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்
வில்ஃப்


டாட்மர்டன்
20 பிப்ரவரி 1998

அன்புள்ள வில்ஃப்,

சளிக்கு வெந்நீரும் ஓய்வும்தான் மருந்து. நீ விஸ்கியைத்தான் குடித்திருப்பாய்.

சக்டன் உன் பத்திரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சாட்சின்னா போடும்போது கண்ணால பாக்கணும்மா. போட்டதுக்கு அப்புறம் பாக்கறவர் வாசகர்தான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எனக்கு அவருடைய கட்டணம்தான் நினைவுக்கு வந்தது. புதிய பத்திரம் இத்துடன் இருக்கிறது.

ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். இதில் நோராவுக்கு விருப்பமில்லையா? 91-ல் நீ பதினாலாயிரம் கொடுத்தபோது, "தங்கச்சியா இருந்தாலும் வீட்டு மேல பதிவு பண்ணிக் குடுங்க" என்று சொன்னது அவள்தான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தேன். மறக்கவும் இல்லை. இப்போது இரண்டாவது இடம் போதாது, முதலிடம் வேண்டும் என்று நினைக்கிறாள் என்றால் சொல்லிவிடு.

அவ்வளவு சங்கடமாக இருந்தால் வேறு வழியும் உண்டு. உன் பாக்கி 6,440 பவுண்டையும் சேர்த்துப் புதிய சங்கம் எனக்குக் கடன் தரும். அதை மொத்தமாக உனக்கு அனுப்பிவிடுவேன். உன் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம், மாதாமாதம் காசோலையும் வேண்டாம். வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது மடத்தனம்தான். ஆனால் வீட்டை விற்பதைவிட மலிவு. நீ சரி என்றால் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஜூடித்


வூலர்
21 பிப்ரவரி 1998, சனிக்கிழமை

ஜூடித்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. பதினொன்றரை மணித் தபாலுக்குள் இதைப் போட வேண்டும்.

மொத்தமாக அடைக்க வேண்டாம். திங்கட்கிழமை எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. மாதம் தொண்ணூறு இருக்கிறபடியே இருக்கட்டும். அதில் யாருக்கும் குறையில்லை.

பத்திரம் மார்ச் இரண்டாவது வாரத்துக்குள் வரும். சாட்சியோடு வரும். அதற்கு முன்னால் முடியாது, அதற்கு மேல் தாமதமும் ஆகாது.

நோராவைத் தப்பாக நினைக்காதே.

வில்ஃப்


டாட்மர்டன்
1 மார்ச் 1998

அன்புள்ள வில்ஃப்,

அவசரமாகத் தபால்பெட்டிக்கு நடந்ததில் முழங்கால் என்ன சொன்னது?

மார்ச் மாதக் காசோலையை வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி திங்கட்கிழமை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. மார்ச் இரண்டாவது வாரம் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

எனக்கு விளங்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்ட மனிதன், ஆறாயிரம் பவுண்டு வேண்டாம் என்று சொல்ல இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பணம் வேண்டாம் என்று இவ்வளவு வேகமாகச் சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை. டெரிக்கோடு பதினாறு வருடம் வாழ்ந்த பழக்கத்தில் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஏதாவது சிக்கலில் இருக்கிறாயா? யாருக்காவது பணம் தர வேண்டியிருந்து, என்னிடமிருந்து வருவது கண்ணில் படக் கூடாதா?

நேற்றும் பிப்ரவரி ஏழாம் தேதியும் தொலைபேசியில் கூப்பிட்டேன், உன் கொள்கைக்கு விரோதமாக. நேற்று நீ எடுத்து, யார் செத்தது என்று கேட்டாய். யாருமில்லை என்றதும் வைத்துவிட்டாய். ஏழாம் தேதி நாள் முழுக்க யாரும் எடுக்கவில்லை. நோராவும் எடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது, லீக்ஸைப் பற்றி மட்டுமாவது.

ஜூடித்


வூலர்
8 மார்ச் 1998

அன்புள்ள ஜூடித்,

சிக்கல் ஒன்றுமில்லை. யாருக்கும் கடன் இல்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது.

பத்திரம் இத்துடன். நேற்று கையெழுத்தானது. எல்லாக் கட்டங்களும் நிரப்பியிருக்கிறது. சக்டனிடம் கொடுக்கும் முன் ஒருமுறை நீயே படித்துப் பார்த்துவிடு.

பதினாறு செடி. இரண்டு கண்காட்சிக்குத் தேறும்.

அன்புடன்
வில்ஃப்


டாட்மர்டன்
11 மார்ச் 1998

அன்புள்ள நோரா,

உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குளிர்காலத்தில் உங்களுக்கு வரும் இருமல் பெரிக்கின் கடற்காற்றில் குறைந்திருக்கும்.

ஆம், முகவரியைப் பத்திரத்திலிருந்துதான் எடுத்தேன். சாட்சிக்கான இடத்தில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. பெயர்: நோரா சார்ல்டன். முகவரி: பெரிக்கில் கடற்கரைச் சாலையில் ஒரு மாடி வீடு. தொழில்: பள்ளிச் சமையற்கூடம். நான்காவது கட்டத்தில், கையெழுத்திடுபவருக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு எதிரே, உங்கள் கையெழுத்தில், "இல்லை."

அதை நான் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். மனைவி சாட்சி போடக் கூடாதே என்றார் சக்டன். கட்டத்தைக் காட்டினேன். "அப்ப சரியாப் போச்சு" என்று வாங்கிக்கொண்டார். நம் குடும்பத்தில் நடந்தது எனக்குத் தெரிந்த அதே நாளில் என் வழக்கறிஞருக்கும் தெரிந்தது. அவருக்கு அது திருப்தியாகவும் இருந்தது.

நான் எதையும் துருவவில்லை. என் வீட்டு விஷயத்தை உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருநாள் பேசியதற்காக ஏழு வருடம் உங்கள்மீது மனத்தாங்கல் வைத்திருந்தவள் நான். கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும், அது உங்கள் நன்மைக்காக: அந்தப் பணம் யாருடையது? வில்ஃபுடையது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் பணமாக இருந்தால் இரண்டாவதாக நிற்க இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். உங்களுடையது என்றால், இந்த மாதம் 31-க்குள் அதை மொத்தமாகத் திருப்பித் தர என்னால் முடியும். குறைந்தபட்சம் காசோலையை உங்கள் பெயருக்கே நேராக அனுப்பலாம். இடையில் ஒருவர் எதற்கு?

உங்கள் நலம் விரும்பும்
ஜூடித்


பெரிக்
22 மார்ச் 1998

அன்புள்ள ஜூடித்,

கடிதம் வந்தது கண்ணு. இருமல் போய்விட்டது. இங்கே காற்று ஆளையே தூக்குகிறது, இருமல் எங்கே நிற்கும்? ஞாயிறு தவிர நேரம் கிடைப்பதில்லை, அதனால் தாமதம்.

நீ கேட்டதற்குப் பதில்: பணம் என் அம்மா வைத்துவிட்டுப் போனது. 96-ல் விவாகரத்து வாங்கிப் பிரிந்தபோது வக்கீல் எதிரிலேயே எழுதிக்கொண்டோம், வீடு அவருக்கு, ஜூடித் திருப்பித் தருவது எனக்கு. உன்னிடம் சொல்லச் சொல்லி நூறு தடவை சொன்னேன். "அடுத்த கடிதத்துல எழுதறேன்" என்பார்.

பிரிந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஊரில் எல்லார் வீட்டுக்கும் செய்தி கொண்டுபோனவர், தன் வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவரமாட்டார். சாப்பிடுவார், லீக்ஸைப் பார்க்கப் போவார். முப்பத்து நாலு வருடம். ஒருநாள் நானும் பேசுவதை நிறுத்திப் பார்த்தேன். பதினோரு நாள் ஆயிற்று. அவர் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் என் தங்கைக்குப் போன் செய்தேன்.

91-ல் பதிவு செய்யச் சொன்னது நான்தான். உன்னை நம்பாமல் இல்லை. டெரிக் அதற்கு முன் இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறான். மூன்றாவது தடவை வந்தால் வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கச் சொல்வான், நீயும் வாங்கித் தருவாய் என்று நினைத்தேன். இரண்டாவதாக வில்ஃப் பெயர் குறுக்கே நின்றால் யாரும் எங்களைக் கேட்காமல் தர முடியாது. அதை உன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் வந்தானா? வந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். நீ பதில் சொல்ல வேண்டாம்.

இனி காசோலை விஷயம். மாதம் முதல் சனிக்கிழமை பத்தே முக்கால் பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு வருகிறார். முதல் மாதமே கேட்டேன், "எதுக்கு அலையணும்? தபால்ல அனுப்பலாமே?"

"தபாலை நம்ப முடியாது. தொலஞ்சு போயிடும்" என்றார்.

முப்பது வருடம் தபால் சுமந்த மனிதர் சொல்கிற பேச்சு இது. தங்கை அன்று முழுவதும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வருவார், காசோலையை மேசைமேல் உப்புக் குப்பிக்கு அடியில் வைப்பார், பன்றித்தொடைக் கறியும் பட்டாணிக் கூழும் சாப்பிடுவார், நாலு மணி பஸ்ஸுக்குப் போவார். இடையில் பேசுகிறார், ஜூடித். ஹெட்லியைப் பற்றி, கருப்பு பீர் ஊற்றுகிறவனைப் பற்றி, உன் சுவரைப் பற்றி. கல்யாணமாகி இருந்தபோது ஒரு வருடத்துக்குப் பேசியதை ஒரு சனிக்கிழமையில் பேசிவிடுகிறார்.

பத்திரத்தை பிப்ரவரியிலேயே கொண்டுவந்தார். உப்புக் குப்பிக்கு அடியில் காசோலையை மட்டும் வைத்துவிட்டு, பத்திரத்தைக் கோட்டுப் பையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இந்த மாதம்தான் வெளியே எடுத்தார், உன் கடிதத்தையும் சேர்த்து. பின்னால் நிற்பதா, மொத்தமாக வாங்கிக்கொள்வதா, பணம் உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு ஒரு புது அடுப்பு வேண்டும்தான், பொய் சொல்லமாட்டேன். "இப்ப ஒண்ணும் அவசரமில்ல. பேனாவை எடுங்க" என்றேன். நாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் நேரமாகிவிட்டது, எழுதிவிட்டேன். கட்டம் சின்னது, வேறு எதுவும் கொள்ளாது.

காசோலையை நேராக எனக்கே அனுப்ப வேண்டுமானால் அனுப்பு. முகவரி உன்னிடம் இருக்கிறது. நீ படித்தவள், எது சரி என்று உனக்குத் தெரியும்.

சுவரைச் சீக்கிரம் கவனி. அன்போடு,
நோரா


டாட்மர்டன்
1 ஏப்ரல் 1998

அன்புள்ள வில்ஃப்,

பதினாறும் நிமிர்ந்து நிற்கின்றனவா? முழங்காலுக்கு வெயில் வந்தால் சரியாகும்.

அடமானம் நேற்று மாறியது. வீடு என்னிடமே இருக்கிறது. பதிவேட்டில் புதிய சங்கம் முதலில், அடுத்து நீ, முன்பு இருந்த இடத்திலேயே. எழுபது பவுண்டு கூடவில்லை. குழாயை மாற்றிவிட்டேன், ஈரம் ஓரங்குலம் இறங்கியிருக்கிறது. பத்திரத்தைக் கொடுக்கும் முன் நீ சொன்னபடி படித்துப் பார்த்தேன். எல்லாம் தெளிவாக இருந்தது.

ஏப்ரல் மாதக் காசோலை இத்துடன் இருக்கிறது, வழக்கம்போல உன் பெயருக்கு. இன்று புதன்கிழமை. முதல் வகுப்புத் தபால்தலைதான் ஒட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்தாக வேண்டும். தபாலில் சில சமயம் தொலைந்துபோகிறதாமே. இனி எல்லா மாதமும் இந்தக் கணக்கில்தான் போடுவேன்.

இதற்குப் பிறகு தொண்ணூறு பவுண்டில் அறுபத்தொன்பது காசோலைகளும், கடைசியாக ஐம்பதுக்கு ஒன்றும் பாக்கி. அந்த ஐம்பதை இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு மாதம் அனுப்பலாமா என்று சக்டனைக் கேட்டேன். சட்டத்தில் அதற்குத் தடை இல்லையாம். ஐந்து ஐந்தாகக்கூட அனுப்பலாமாம்.

ஜூடித்